எழுபது பவுண்டுக்கு ஒரு சிரிப்பு

யூடியூபில் காமெடி ஸ்கெட்ச் எடுக்க ஆசைப்படும் பையன்களிடம் யாராவது ஒருத்தர் இந்தக் கதையைச் சொல்லாமல் இருப்பதில்லை. 1959-ல் பீட்டர் செல்லர்ஸ் புதுசாக ஒரு 16 எம்.எம். கேமரா வாங்கினார். கூட்டாளிகளைச் சேர்த்துக்கொண்டு, இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில், லண்டனுக்கு வடக்கே ஒரு புல்வெளியில் பதினோரு நிமிடப் படம் ஒன்றை எடுத்தார்கள். செலவு சுமார் 70 பவுண்டு. அதில் 5 பவுண்டு புல்வெளிக்கு வாடகை. படம் ஆஸ்கர் பரிந்துரை வரைக்கும் போனது. ஆகவே தம்பி, காசு முக்கியம் இல்லை, கையில் போன் இருக்கிறதா, எடு!

படம் 'தி ரன்னிங் ஜம்பிங் அண்ட் ஸ்டாண்டிங் ஸ்டில் ஃபிலிம்'. இயக்கம் ரிச்சர்ட் லெஸ்டர். கதை உண்மைதான். அதிலிருந்து எடுக்கும் முடிவுதான் தப்பு என்று எனக்குப் படுகிறது. இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன், அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் அந்த 70 பவுண்டுக் கணக்கு. ப்ராஜெக்ட் எஸ்டிமேட் போட்டுப் பழகியவனுக்கு இந்த மாதிரி நம்பரைப் பார்த்ததும் கை அரிக்கும். எதையெல்லாம் சேர்க்கவில்லை? கேமரா வேறு கணக்கு, விடுங்கள். செல்லர்ஸ் அப்போது புதுமுகம் இல்லை. 'ஐ'ம் ஆல் ரைட் ஜாக்', 'தி மவுஸ் தட் ரோர்ட்' இரண்டும் அதே 1959-ல் வந்தவை. அவரும் ஸ்பைக் மில்லிகனும் 1951-லிருந்து பிபிசி வானொலியில் 'தி கூன் ஷோ' செய்துகொண்டிருந்தவர்கள். லெஸ்டர் 1956-லேயே இவர்களை வைத்துத் தொலைக்காட்சி நிகழ்ச்சி இயக்கியவர். கிரஹாம் ஸ்டார்க், டேவிட் லாட்ஜ் எல்லாம் செல்லர்ஸுக்குப் போர்க்காலத்து விமானப்படைக் கலைக்குழுவிலிருந்தே சிநேகிதம். ஞாயிற்றுக்கிழமை காலையில் வாடா என்றால் வந்து நிற்பார்கள், என்ன செய்யணும் என்று இரண்டாவது தடவை சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பதினைந்து வருஷப் பழக்கத்துக்கு ரசீது கிடையாது, அதனால் கணக்கிலும் வரவில்லை.

சரி, பழக்கம் மட்டும் போதுமா என்றால் அதுவும் இல்லை. படத்தை நாலைந்து முறை பார்த்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் எனக்குத் தெரிவது அந்த 5 பவுண்டு புல்வெளிதான்.

ஒருத்தர் மரத்தின் அடிக்கட்டையில் இசைத்தட்டை வைக்கிறார். தட்டு சுற்றாது. ஆகவே ஊசியையும் குழலையும் பிடித்துக்கொண்டு அவரே கட்டையைச் சுற்றி ஓடுகிறார், பாட்டு கேட்கிறது! சார்பு இயக்கம் பற்றி எங்கள் இயற்பியல் வாத்தியார் ஒரு மாசம் நடத்தியதை இந்த ஆள் பத்து விநாடியில் நடத்திவிடுகிறார். இன்னொருத்தர் வயலின் வாசிக்கிறார். இசைக்குறிப்புத் தாளோ எங்கேயோ தூரத்தில் நிற்கிறது, டெலஸ்கோப் வைத்துப் படிக்கிறார். வாசித்துக்கொண்டே வந்து பக்கம் முடிந்துபோனால்? யாராவது அவ்வளவு தூரம் போய்த்தானே திருப்பணும். வேறொரு இடத்தில் தூரத்திலிருந்து ஒரு கை கூப்பிடுகிறது. கூப்பிட்ட மரியாதைக்கு இந்த மனுஷன் புல்வெளியைக் கடந்து போய்ச் சேர்ந்தால், மூஞ்சியில் குத்துச்சண்டைக் கையுறையோடு ஒரு குத்து.

மூன்றில் இரண்டு நகைச்சுவை தூரத்தினால் வருகிறது. இதையே ஒரு அறைக்குள் எடுத்துப் பாருங்கள், அந்தக் குத்து வெறும் அடிதடி. அவன் நம்பி நடந்து வருகிற அத்தனை நேரமும் நாம் பார்த்துக்கொண்டிருப்பதால்தான் சிரிப்பு. செட் போட வழியில்லாதவர்கள், செட்டே தேவைப்படாத ஜோக்குகளை மட்டும் வைத்துக்கொண்டார்கள். வசனமும் கிடையாது. எட்டு வருஷம் வானொலியில் குரலால் மட்டுமே பிழைத்த கூட்டம் வாயைத் திறக்கவில்லை என்பது எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம். காதுக்கு மட்டுமே ஜோக் செய்து பழகியவனுக்கு, கண்ணுக்கு எது தேவையில்லை என்பதும் தெரிந்திருக்கும் போல.

எல்லாமே அற்புதம் என்று சொல்ல மாட்டேன். ஒருவர் மண்டியிட்டுப் புல்தரையைத் தேய்த்துக் கழுவுவது நல்ல படிமம், ஆனால் அதோடு நின்றுவிடுகிறது. நடுவில் ஒரு மூன்று நிமிடம் நண்பர்கள் தங்களுக்குள் சிரித்துக்கொள்வதை நாம் வேலி ஓரமாக நின்று பார்ப்பது போல இருக்கும். கூட்டாளிகளோடு படம் எடுப்பதில் உள்ள ஆபத்தே அதுதான், எடுக்கும்போது எல்லாமே சிரிப்பாக இருக்கும்.

இப்போது என் கதை. பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஆபீஸ் ஆண்டுவிழாவுக்கு நாங்கள் ஆறு பேர் ஒரு ஸ்கெட்ச் எடுத்தோம். லோ பட்ஜெட் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டே போலீஸ் உடுப்பு வாடகைக்கு எடுத்தோம், மீட்டிங் ரூமைக் காவல் நிலையமாக மாற்ற சார்ட் பேப்பர் ஒட்டினோம். ஜோக் முழுக்க வசனத்தில். ஒலியோ கேமராவில் இருந்த மைக்கில். ஏசி சத்தத்தில் பாதி வசனம் போச்சு. ஒத்திகையில் வயிறு வலிக்கச் சிரித்த எங்களைத் தவிர அந்த அரங்கில் யாரும் சிரிக்கவில்லை. எழுதினது நான். அன்றைக்கு ராத்திரி பஸ்ஸில் யாரும் என்னோடு அதைப் பற்றிப் பேசாமல் வந்ததுதான் ரொம்ப வலித்தது. எங்களிடம் காசு இல்லை என்பது பிரச்சினையே இல்லை. காசு இருந்தால் எடுக்கவேண்டிய ஸ்கெட்ச்சைக் காசில்லாமல் எடுத்தோம்.

இந்தப் படம் பீட்டில்ஸுக்கு ரொம்பப் பிடித்துப்போய், அதனாலேயே 1964-ல் 'எ ஹார்ட் டேஸ் நைட்' இயக்க லெஸ்டர் வந்தார் என்பது எல்லோரும் சொல்வது. அதிலும் நாலு பேரும் ஒரு திடலில் ஓடிக் குதித்து ஆடுவார்கள். ஆனால் இந்தத் தடவை கையில் காசு இருந்தது, மேலே ஹெலிகாப்டரிலிருந்தும் எடுத்திருக்கிறார்கள். அழகான காட்சிதான். மேலிருந்து பார்த்தால் அந்தத் தூரத்தை நடந்து கடக்கிற உணர்வு மட்டும் எனக்கு வருவதில்லை. எனக்கு அந்த 5 பவுண்டு புல்வெளிதான் பிடித்திருக்கிறது.