பாடபேதமும் இடைச்செருகலும்: ரஹ்மானின் கலையகத்தில் ஒரு குரல்

ஏ.ஆர். ரஹ்மானைப் பற்றி எங்களுக்குள் இரண்டு பேச்சுத்தான் அடிபடுகிறது. ஒன்று, ‘நம்மட ஆள் ஒஸ்கார் எடுத்தவர்’ என்ற பெருமை. மற்றது, ‘அவருக்கென்ன, எல்லாம் கொம்பியூட்டர்தானே செய்யுது’ என்ற அலட்சியம். அவருடைய ஒரு பாட்டையும் கேட்காமலே இரண்டையும் சொல்லிவிடலாம். இசை கூடுமா கூடாதா என்ற வாதத்துக்குள் நான் இறங்கவில்லை. அது உலமாக்களுக்குரிய விடயம். கருவி அவருடைய ஆக்கமுறையில் எதை மாற்றியது, அந்த மாற்றம் பாடகனை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதே இங்கு என் கேள்வி.

தமிழ்த் திரையிசைக்குள் கணினியைக் கொண்டுவந்தவர் ரஹ்மான் என்று பலரும் நினைக்கிறார்கள். 1986இல் வெளியான ‘புன்னகை மன்னன்’ படத்திலேயே இளையராஜா கணினி வழி இசைக்கோப்பைப் பயன்படுத்திவிட்டார். ஆகவே ராஜா மனித இசை, ரஹ்மான் இயந்திர இசை என்று கோடு கிழிப்பது சரிவராது. ரஹ்மானுடைய தந்தை ஆர்.கே. சேகர் மலையாளத் திரையுலகில் இசையமைப்பாளராகவும் இசைக்கோப்பாளராகவும் இருந்தவர். அவர் 1976இல் மறைந்தபோது மகனுக்கு ஒன்பது வயது. தந்தை விட்டுச்சென்ற இசைக்கருவிகளை வாடகைக்குக் கொடுத்துத்தான் அந்தக் குடும்பம் சில காலம் சீவித்தது. அந்தப் பிள்ளைக்கு மின்னணுக் கருவி வீட்டுச் சாமான், சோறு போட்ட பொருள். பின்னாளில் அதன் முன்னால் அவர் கூச்சமில்லாமல் உட்கார்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

உண்மையான வேறுபாடு வேறொரு இடத்தில் இருக்கிறது. இளையராஜா ஒலிப்பதிவுக்கு முன்பே முழுவதையும் இசைக்குறிப்பாக எழுதி முடித்துவிடுவார். வயலின் எங்கே நுழைவது, புல்லாங்குழல் எங்கே ஓய்வது என்பதெல்லாம் தாளில் இருக்கும். கலைஞர்கள் கூடி அதை வாசிப்பார்கள். தீர்மானம் முந்தியது, ஒலி பிந்தியது. கோடம்பாக்கத்தில் தன் வீட்டோடு சேர்த்து ரஹ்மான் அமைத்த ‘பஞ்சதன்’ கலையகத்தில் இந்த ஒழுங்கு தலைகீழானது. பாடகர் பெரும்பாலும் இரவில் வருவார். ஒரே வரியைப் பல விதமாகப் பாடச் சொல்வார்கள். சும்மா முனகிப் பார்த்ததும் பதிவாகும். எது பாட்டில் நிற்கும், எது கழிபடும் என்பது பாடிவிட்டுப் போகிறவருக்குத் தெரியாது. இசைநாடா வெளிவந்த பிறகுதான் தன் பாட்டின் உருவத்தைக் கண்டதாகச் சொன்ன பாடகர்கள் உண்டு. எல்லாவற்றையும் அழியாமல் வைத்திருந்து, வெட்டி, நகர்த்தி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பார்ப்பதற்குக் கணினி இடங்கொடுத்தது. ஒலி முந்தியது, தீர்மானம் பிந்தியது.

தமிழ் படித்தவன் என்பதால் எனக்கு இதைப் பதிப்புத்துறைச் சொல்லால் சொல்வதே லேசு. ஏட்டுச்சுவடிகளை ஒப்புநோக்கிய பதிப்பாசிரியர்கள் பாடபேதங்களையெல்லாம் திரட்டி வைத்துக்கொண்டு, ஒன்றை மூலத்தில் நிறுத்தி மற்றவற்றை அடிக்குறிப்பில் போட்டார்கள். ரஹ்மான் புலவனாகவும் பதிப்பாசிரியனாகவும் ஒருங்கே இருக்கிறார். ஒரு பாடகனிடமிருந்து பத்துப் பாடபேதங்களைப் பெற்று, அவற்றிலிருந்து ஒரு மூலத்தை நிறுவுகிறார். பாடகனின் அதிகாரம் இதில் குறைகிறது என்பது உண்மை. ஆனால் அந்தப் பத்தும் அவன் வாயிலிருந்து வந்தவை. அவன் பாடாத ஒன்று அங்கே இல்லை.

இதற்கு ‘திருடா திருடா’ (1993) படத்தின் ‘ராசாத்தி’ நல்ல சான்று. வைரமுத்துவின் பிரிவுத் துயர்ப் பாட்டு. பாடியவர் மர்ஹூம் சாகுல் ஹமீது. மின்னணுக்காரர் என்று பெயரெடுத்த மனிதர் ஏறத்தாழ எல்லா வாத்தியங்களையும் ஒதுக்கிவைத்துவிட்டு, கூட்டுக் குரல்களையே பக்கவாத்தியமாக்கினார். கூட்டுக் குரல்கள் அலைபோல எழுந்து அடங்குகின்றன. நடுவில் சாகுல் ஹமீதின் குரல், கொஞ்சம் கரகரப்பாக, வெயிலில் நின்றவனின் குரலாகக் கேட்கிறது. அவர் வரி முடிவில் குரலைத் தளர்த்தும் இடங்களைக் கவனியுங்கள். எந்த இசைக்குறிப்பிலும் எழுத முடியாத தளர்ச்சி அது. ‘உசிலம்பட்டி பெண்குட்டி’, ‘ஊர்வசி ஊர்வசி’, ‘செந்தமிழ் நாட்டுத் தமிழச்சியே’ என்று அவர் பாடியவை பல இருந்தாலும், ‘ராசாத்தி’யில்தான் அந்தக் குரல் ஒளிய இடமின்றித் தனித்து நிற்கிறது. 1990களின் பிற்பகுதியில் வீதி விபத்தொன்றில் அவர் இறையடி சேர்ந்தார்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். குழல் வாசித்தவர், பேஸ் கிற்றார் வாசித்தவர், ஒலிப்பொறியியலாளர் என்று ஒவ்வொருவரின் பெயரையும் இசைநாடா உறையில் அச்சிடும் வழக்கத்தைப் பரவலாக்கியவர் ரஹ்மான். ஒலிப்பொறியியலாளர் எச். ஶ்ரீதரின் பெயரை எங்கள் தலைமுறைக்குத் தெரியவைத்தவை அந்த உறைகள்தாம். மற்றவர் உழைப்பைத் தன்னுள் விழுங்கிவிடாத ஒரு நேர்மை அதில் இருந்தது.

2024இல் ‘லால் சலாம்’ படத்தின் ‘திமிறி எழுடா’ வந்தது. 2022இல் காலமான பம்பா பாக்யாவின் குரலும் சாகுல் ஹமீதின் குரலும் செயற்கை நுண்ணறிவால் உருவாக்கப்பட்டு அதில் ஒலித்தன. குடும்பத்தாரிடம் அனுமதி பெற்று, உரிய ஊதியமும் கொடுத்ததாக ரஹ்மான் அறிவித்தார். அதே ஆண்டில், எஸ்.பி. பாலசுப்ரமணியத்தின் குரலை அனுமதியின்றித் தெலுங்குப் படமொன்றில் உருவாக்கியதாக அவருடைய குடும்பம் சட்ட அறிவித்தல் அனுப்பியதை நினைத்தால், ரஹ்மான் செய்தது முறையான காரியம்தான். பணக் கொடுக்கல் வாங்கலில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

என் முறைப்பாடு இலக்கியக்காரனின் முறைப்பாடு. ‘ராசாத்தி’யில் இருந்தது பாடபேதத் தெரிவு. ‘திமிறி எழுடா’வில் இருப்பது இடைச்செருகல். எந்த ஏட்டிலும் இல்லாத ஒரு பாடத்தை மூலப் புலவன் பெயரால் நூலுக்குள் வைப்பதைத்தான் நாங்கள் அப்படிச் சொல்கிறோம். இடைச்செருகல் சிலவேளை மூலத்தைவிட அழகாகவும் இருக்கும். அதனால் அது மூலமாகிவிடாது. என் காதுக்கு இந்தப் பாட்டில் சாகுல் ஹமீதின் நிறம் இருக்கிறது, தளர்ச்சி இல்லை. கரகரப்பு ஒரே அளவாக, கஞ்சி போட்ட சேட்டுப்போல விறைத்து நிற்கிறது. புரட்சிப் பாட்டு அப்படித்தான் இருக்கும் என்று யாரும் சொல்லலாம். ஆனால் சாகுல் ஹமீது உயிரோடு இருந்து பாடியிருந்தால், ‘இந்த இடத்தில் நான் இப்படி இழுக்கமாட்டேன் ஸேர்’ என்று ஒரு வரியிலாவது மறுத்திருக்கக்கூடும். அந்த மறுப்புத்தான் பத்துப் பாடபேதங்களில் ஒன்றாக ரஹ்மானுக்கு முன்பெல்லாம் கிடைத்துவந்தது. வாரிசுகள் அனுமதியைத் தரலாம். மறுப்பைத் தர அவர்களால் முடியாது.

சட்டமும் இன்னும் தடுமாறிக்கொண்டுதான் இருக்கிறது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் பாடகர் நிகழ்த்திய பாட்டுக்கு 50 ஆண்டுக் காப்புத் தருகிறது. அவர் பாடாத பாட்டில் அவருடைய குரல் கேட்டால் என்ன செய்வது என்று அதில் இல்லை. 2024 ஜூலையில் பாடகர் அரிஜித் சிங்கின் வழக்கில் மும்பாய் உயர் நீதிமன்றம் குரலும் ஆளுமை உரிமையின் ஒரு பகுதி என்று கொண்டு இடைக்கால உத்தரவு வழங்கியது. அவர் உயிரோடிருப்பவர், தானே போய்க் கேட்டார்.

இத்தகைய மென்பொருள்கள் பெரும்பாலும் வெறுமையிலிருந்து பாடுவதில்லை. உயிருள்ள ஒருவர் முதலில் பாடவேண்டும். மூச்சும் தாளமும் இழுப்பும் அவருடையவை. அதன்மேல் மறைந்தவரின் குரல்நிறத்தைக் கருவி பூசுகிறது. அப்படிச் செய்யும் பாட்டில் உண்மையில் பாடியவன் யார்? குழல்காரன் பெயரையும் உறையில் அச்சிட்ட மனிதரிடம் ஒரு ரசிகனாக எனக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது: இனியொரு முறை இறந்தவர் குரலை எடுப்பதானால், அதற்கு அடியில் மூச்சுவிட்ட பொடியனின் பெயரையும் பட்டியலில் போடுங்கள்.