பேஸ் கலைஞர்களின் கருவிப் பேச்சு: சில குறிப்புகள்

பேஸ் கிடார் வாசிப்பவர்களிடம் பேட்டி எடுத்தால் பாதிக்கு மேல் சாமான் கணக்காகத்தான் இருக்கும். எந்த வருஷத்து ஃபெண்டர், என்ன கம்பி, எந்த ஆம்ப், மைக் வைத்தார்களா இல்லை நேராக வயரைச் சொருகினார்களா. பெரும்பாலானவை மளிகைச் சீட்டு மாதிரி. படித்து முடித்தால் கடைக்குப் போகத் தோன்றுமே தவிர, பாட்டைத் திரும்பக் கேட்கத் தோன்றாது. இவற்றை வாசிக்கும்போது நான் ஒரு கேள்வியை மட்டும் கையில் வைத்துக்கொள்வேன்: இவர் சொல்லும் சாமான், என் காதில் விழும் எதற்காவது காரணம் சொல்கிறதா?

ஜேம்ஸ் ஜேமர்சன் விஷயத்தில் சொல்கிறது. டெட்ராய்ட்டின் மோட்டவுன் கம்பெனிக்கு அறுபதுகளில் வாசித்தவர். அவர் வாயால் சொன்னது கொஞ்சம்தான். நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி மற்றவர்கள் சொன்னது. அதிலும் முக்கியமாக ஆலன் ஸ்லட்ஸ்கி 1989இல் வெளியிட்ட நூல். 1962 ஃபெண்டர் பிரிசிஷன். தடித்த லா பெல்லா ஃப்ளாட்வவுண்ட் கம்பிகள், அதாவது மேல்சுற்று வழவழப்பாக இருக்கும் ரகம். அறுந்தால் ஒழிய மாற்ற மாட்டார். பிரிட்ஜ் மூடிக்கு அடியில் ஒரு துண்டு ஸ்பாஞ்ச். வலது கையில் ஆள்காட்டி விரல் ஒன்றுதான். ஸ்டுடியோவில் அவர் வாசிப்பது ஆம்ப் வழியாக வராது, நேராகப் பதிவு மேசைக்குப் போகும்.

இதைப் படித்துவிட்டு அதே கம்பியைத் தேடி வாங்குகிறவர்கள் உண்டு. வாங்கட்டும். ஆனால் இந்தப் பட்டியலில் இருக்கும் ஒவ்வொன்றும் ஒரே வேலையைத்தான் செய்கிறது, கவனித்தீர்களா? அழுக்கேறிய பழைய கம்பியில் மேல்சுரங்கள் மங்கிப்போகும். ஸ்பாஞ்ச் அதிர்வை அமுக்கிவிடும். ஆகவே ஒவ்வொரு ஸ்வரமும் 'தொம்' என்று வந்து சட்டென்று அடங்கிவிடுகிறது. ஜேமர்சன் எவ்வளவு ஸ்வரங்களை அள்ளிப் போடுகிறவர் என்று கேட்டவர்களுக்குத் தெரியும். பாடகர் ஒரு வரியை முடிப்பதற்குள் இவர் ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்து நிற்பார். புதுக் கம்பி போட்டு, நீளமாக முழங்கும் பேஸில் அதையே வாசித்துப் பாருங்கள், பாட்டே கலங்கிப்போகும். ஸ்வரங்கள் சீக்கிரம் செத்ததால்தான் அத்தனை ஸ்வரங்களுக்கு இடம் கிடைத்தது. என்னைப் பொறுத்தவரை ஜேமர்சனின் கம்பிக் கதையில் உருப்படியான விஷயம் இதுதான். கம்பியை மாற்றாதது சோம்பேறித்தனமா, மூடநம்பிக்கையா, ராசியா என்று ரசிகர்கள் பேசிக்கொண்டிருப்பது சும்மா பொழுதுபோக்கு.

இன்னொன்று. அவர் முதலில் கற்றது நின்றுகொண்டு வாசிக்கும் பெரிய டபுள் பேஸ். அந்தக் கருவியில் விரல் வைக்காத திறந்த கம்பி கையை நகர்த்த நேரம் கொடுக்கும். அந்தப் பழக்கம் எலெக்ட்ரிக் பேஸிலும் அவரை விடவில்லை. சுருதிக்கு ஒட்டாத இடங்களில்கூட போகிற போக்கில் திறந்த கம்பியைத் தொட்டுவிட்டுப் போவார். இதை ஞாபகத்தில் வையுங்கள், கொஞ்ச நேரத்தில் தேவைப்படும்.

கேரல் கே லாஸ் ஏஞ்சல்ஸ்காரர். அடிப்படையில் ஜாஸ் கிடார் கலைஞர். 1963இல் ஒரு பதிவுக்கு பேஸ் வாசிக்க வேண்டியவர் வராததால் பேஸைக் கையில் எடுத்தார். கிடார் வாசித்த கை என்பதால் விரல் இல்லை, பிக். பிரிட்ஜுக்குப் பக்கத்தில் கம்பிகளின் மேல் மடித்து ஒட்டிய ஃபெல்ட் துணி. ஆம்புக்கு முன்னால் மைக். பேசுவதில் ஜேமர்சனுக்கு நேரெதிர்: புத்தகம் எழுதினார், பாடம் நடத்தினார், பேட்டிகளில் துணியின் அகலம் வரைக்கும் சொல்வார். அவருடைய விவரிப்புகள் இந்த வகையிலேயே சிறந்தவை என்பேன், ஏனென்றால் ஏன் என்று சொல்லிவிட்டுத்தான் எது என்று சொல்வார். சின்ன ஸ்பீக்கரில் பேஸின் அடிநாதம் கேட்காது. பிக் படும் அந்த 'டிக்' கேட்கும். பீச் பாய்ஸின் 1966 ஆல்பம் 'பெட் சவுண்ட்ஸ்' பதிவுகளில் அவர் வாசித்தவற்றை மட்டமான ஸ்பீக்கரில் போட்டாலும் பேஸ் காணாமல் போகாததற்கு இது ஒரு காரணம்.

சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது. மோட்டவுனின் பிரபலமான சில பாடல்களில் வாசித்தது தான்தான் என்று கே சொல்லிவந்தார். ஸ்டீவி வொண்டரின் 1967 பாடல் 'ஐ வாஸ் மேட் டு லவ் ஹர்' அதில் ஒன்று. ஸ்லட்ஸ்கி அடியோடு மறுத்தார். இருவரில் ஒருவர் பொய் சொல்கிறார் என்று இணையத்தில் கட்சி பிரிந்து இன்னமும் சண்டை போடுகிறார்கள். மோட்டவுன் லாஸ் ஏஞ்சல்ஸிலும் பதிவு செய்தது, கே அங்கே வாசித்தார் என்பதெல்லாம் உண்மை. கேள்வி, குறிப்பிட்ட இந்தப் பாட்டு யாருடையது என்பதுதான்.

உறையைப் பார்த்துச் சொல்லிவிடலாமே என்றால், உறையில் பெயரே இல்லை. மோட்டவுன் தன் இசைக்கலைஞர்களின் பெயரை அச்சிட்டதே மார்வின் கேயின் 1971 ஆல்பம் 'வாட்ஸ் கோயிங் ஆன்' வந்தபோதுதான். அதுவரை ஜேமர்சன், கம்பெனி கணக்கில் ஒரு சம்பளம், அவ்வளவே. அப்படியானால் மிஞ்சும் சாட்சி என்ன? நாம் மளிகைச் சீட்டு என்று தள்ளிய அதே விவரங்கள்தான். பிக்கா விரலா? துணியா ஸ்பாஞ்சா? மைக்கா நேர் வயரா? போகிற போக்கில் தொட்ட அந்தத் திறந்த கம்பி இருக்கிறதா? அந்தப் பாட்டின் பேஸை இந்த விவரங்களோடு வைத்துக் கேட்டால் எனக்கு ஜேமர்சனின் ஒற்றை விரல்தான் கேட்கிறது. கே நினைவிலிருந்து பேசினார், கம்பெனி யாருக்கும் காகிதம் கொடுக்கவில்லை. இதில் என் கோபம் கம்பெனி மேல்தான்.

பதிவுப் பொறியாளர் பேசினால் கதை இன்னொரு பக்கம் திரும்பும். 1966இல் பீட்டில்ஸின் 'பேப்பர்பேக் ரைட்டர்' பதிவில் பால் மெக்கார்ட்னியின் பேஸ் ஏன் அப்படித் துள்ளுகிறது என்றால், கலைஞர் பக்கத்துப் பதில் ரிக்கன்பேக்கர். பழைய ஹாஃப்னருக்குப் பதில் அதை எடுத்தார். பொறியாளர் ஜெஃப் எமரிக்கின் பதில், ஒரு லவுட்ஸ்பீக்கரையே மைக்காக மாற்றி ஆம்பின் முன் வைத்தோம் என்பது. இரண்டும் சரியாக இருக்கலாம். எமரிக்கின் நூலில் உள்ள நினைவுகளைச் சக பொறியாளர் கென் ஸ்காட் போன்றோர் ஏற்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். எனக்கு இவை இரண்டையும்விடப் பெரிதாகப் படுவது 'சார்ஜென்ட் பெப்பர்' காலத்து வழக்கம்: மற்ற எல்லாம் பதிவான பிறகு, கடைசியில், மெக்கார்ட்னி தனியாக உட்கார்ந்து பேஸ் சேர்ப்பது. முழுப் பாட்டையும் கேட்டுவிட்டு வாசிக்கிறவன் காவல் காக்க வேண்டியதில்லை, இன்னொரு மெட்டே போடலாம். எந்தக் கடையிலும் விற்காத சாமான் இது. அதனால்தானோ என்னவோ பேட்டிகளில் அதற்கு ஒரு வரிதான் கிடைக்கும்.

ஜேக்கோ பஸ்டோரியஸைப் பற்றிச் சுருக்கமாக. 1962 ஜாஸ் பேஸ், ஃப்ரெட் எல்லாம் பிடுங்கப்பட்டு, பலகைமேல் படகுக்குப் பூசும் எபாக்ஸி. வெண்ணெய்க் கத்தியால் தானே பிடுங்கியதாக ஒரு தடவை சொல்வார். வாங்கும்போதே பிடுங்கித்தான் இருந்தது என்று இன்னொரு தடவை. யார் பிடுங்கினாலும் ஒலி ஒன்றுதான், போகட்டும். 1986இல் நியூயார்க்கில் திருடுபோன அந்த பேஸ் பல வருஷம் கழித்துக் கிடைத்தது, மெட்டாலிக்காவின் ராபர்ட் ட்ரூஹியோ மீட்க உதவினார். ஜேமர்சனின் 1962 பிரிசிஷனும் அவர் 1983இல் இறப்பதற்குச் சற்று முன் திருடுபோனது. அது இன்னும் கிடைக்கவில்லை.