'ஸ்ரர்' என்னும் ஆங்கில விகுதி

பகுதி, விகுதி முதலாய உறுப்புக்களால் ஆயது பகுபதம் என்பது நம் இலக்கண நூலார் கொள்கை. ஆங்கிலப் பாடநூலாரும் விகுதிகளைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றற்கும் ஒரு பொருள் கூறிச் செல்வர். அங்ஙனம் ஒரு விகுதிக்கு ஒரு பொருளே என மாணவரை மனனஞ் செய்வித்தல் பொருந்துமா? 'ஸ்ரர்' என்னும் விகுதியை இவ்வினாவுக்கு உரைகல்லாகக் கொள்வாம். மாஸ்ரர், மினிஸ்ரர் என்பன இலத்தீன் வழி வந்தவை. அவை ஓசையால் ஒத்தனவேயன்றி இவ்விகுதி பெற்றன அல்ல.

பழைய ஆங்கிலத்தில் 'எஸ்த்ரே' என வழங்கிய இவ்விகுதி, பெரும்பாலும் ஒரு தொழிலைச் செய்யும் பெண்ணைக் குறித்தது. ஆணைக் குறித்தற்கு 'எரே' என்னும் விகுதி இருந்தது. ரொட்டி சுடுபவன் 'பேக்கர்', சுடுபவள் 'பக்ஸ்ரர்'. அவ்வாறே நெய்பவள் 'வெப்ஸ்ரர்'; மது காய்ச்சுபவள் 'புறூஸ்ரர்'; நூல் நூற்பவள் 'ஸ்பின்ஸ்ரர்'.

இடைக்கால ஆங்கிலத்தில் இவ்விகுதி ஆடவர்க்கும் உரியதாயிற்று. பெண்டிர் கையிலிருந்த மது காய்ச்சல் போன்ற தொழில்கள் ஆடவர் வசமானமையும் இதற்குத் துணைசெய்திருத்தல் கூடும். தொழிற்பெயர்கள் சில குடிப்பெயர்களாகவும் நிலைத்தன. 1828 இல் ஆங்கிலப் பேரகராதி வெளியிட்ட நோவா வெப்ஸ்ரர் என்பாரின் குடிப்பெயர், முதற்கண் நெசவுப் பெண்ணைக் குறித்ததாகும். விகுதியின் பெண்பாற் பொருள் தேய்ந்துபோகவே, தையற்பெண்ணைக் குறித்த 'சீம்ஸ்ரர்' போதாதாயிற்று. பிரெஞ்சு வழி வந்த 'எஸ்' என்னும் விகுதியையுங் கூட்டிச் 'சீம்ஸ்றெஸ்' என்றனர். பெண்பால் விகுதியின்மேற் பிறிதொரு பெண்பால் விகுதி ஏறிய விந்தை இது.

பின்னர் இவ்விகுதியில் இகழ்ச்சியும் படிந்தது. ஏமாற்றுவோன் 'றிக்ஸ்ரர்', புன்கவி புனைவோன் 'றைம்ஸ்ரர்'. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவிற் 'காங்ஸ்ரர்' தோன்றிற்று. ஆயினும், இளையோரைச் சுட்டும் 'யங்ஸ்ரர்' இகழ்ச்சிப் பெயரன்று. 2002 இல் எழுந்த 'பிறெண்ட்ஸ்ரர்' என்னும் இணையத் தளமோ இவ்விகுதியைத் தன் வணிகப் பெயராக்கிக் கொண்டது.

இவையனைத்தினும் சிந்திக்கற்பாலது 'ஸ்பின்ஸ்ரர்' என்பதன் கதி. ஏனைய தொழிற்பெயர்கள் ஆடவர்க்குஞ் சென்றபோது, இஃதொன்று பெண்ணிடமே தங்கிற்று. தங்கியும் பயனென்? பதினேழாம் நூற்றாண்டளவில் அது மணமாகாதவளைக் குறிக்குஞ் சட்டச் சொல்லாயிற்று. கைத்திறத்தாற் பெயர்பெற்றவள், கணவன் இன்மையாற் பெயர்பெறலானாள். இங்கிலாந்து, வேல்ஸ் நாடுகளின் திருமணப் பதிவேடுகளிலிருந்து அச்சொல் நீங்கியது 2005 இலேயே.

இம்மாற்றங்களை விகுதி தானாகச் செய்துகொள்ளவில்லை. அதனை வழங்கிய மக்களின் வாழ்வே செய்தது. ஆதலின், விகுதிக்குப் பொருள் கற்பிக்கும் ஆசிரியர் அதன் வரலாற்றையும் உடன் கற்பித்தல் வேண்டும். வரலாறு நீங்கிய பொருள் மாணவர்க்கு வெறும் மனனச் சுமையேயாகும்.