வாரத்துக்கு ஒருநாள் கரண்ட்

"எழுந்து நடக்க முடியாதவருக்கு இதுதான் உடற்பயிற்சி." தோலில் பட்டை ஒட்டி, மின்சாரத்தால் தசையைச் சுருங்கவைக்கும் தசை மின்தூண்டலுக்கு ஆதரவாக, இலங்கை மலையகத்தின் ஹட்டன் பக்கத்தில் நான் அடிக்கடி கேட்கும் வாதம் இது. பாதி சரிதான். நாட்பட்ட நுரையீரல் நோயாளி, இதயம் தளர்ந்தவர் எல்லாருக்கும் நடமாட்டம் குறையக் குறையத் தொடைத் தசை கரையும். அவர்களை மூச்சு வாங்க வைக்காமலே அந்தத் தசைக்கு வேலை கொடுக்க மின்தூண்டலால் முடியும். 2016இல் வந்த காக்ரேன் மீளாய்வு 18 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, தொடை வலு கூடுகிறது என்றே சொன்னது. அதில் எனக்குச் சண்டையில்லை.

அதே ஆண்டு வெளியான லண்டன் ஆய்வொன்றில், கடும் நுரையீரல் நோயுள்ள 52 பேர் கலந்துகொண்டார்கள். தினமும் 30 நிமிடம், ஆறு வாரம், அவரவர் வீட்டிலேயே சிகிச்சை. நடக்கும் தூரம் கூடியது; நிறுத்திய பிறகு அந்தப் பயன் தேய்ந்துபோனது. தினமும், வீட்டில் என்ற இரண்டையும் கழற்றி வைத்துவிட்டுத்தான் இங்கே கருவியை மெச்சுகிறார்கள்.

என் பெரியம்மா நாற்பது வருடம் கொழுந்து பறித்தவர். விறகுப் புகையில் நுரையீரல் கெட்டது. இந்தச் சிகிச்சைக்காக, வாரத்துக்கு ஒருநாள் கரண்ட் பிடிக்க வரச் சொன்னார்கள் டவுன் கிளினிக்கில். மேல் லயத்து வீட்டிலிருந்து படியிறங்கி, பஸ் ஏறி, டவுனுக்குப் போனால் தொடையில் பட்டை ஒட்டிய அரைமணி நேரம். "கால் ஆடுது, நான் ஆட்டலியே" என்றார். கூடப் போன மருமகளுக்கு அன்றைக்குப் பேர் இல்லை, நாட்கூலியும் இல்லை. திரும்பும்போது நாலு இடத்தில் உட்கார்ந்துதான் படியேறினார். மூன்றாம் வாரத்தோடு நிறுத்திவிட்டார். ஒத்துழைப்பு இல்லை என்று கிளினிக் கொப்பியில் எழுதினார்கள்.

அந்தப் படிகளை ஏறி இறங்க முடிந்தவருக்கு இந்தக் கருவி எதற்கு? அதற்குரியவர் லயத்து அறையை, காம்பராவை விட்டு வெளியே வராமல் கிடக்கிறார். அவரிடம் அது போவதில்லை. பற்றரியில் ஓடும், கைப்பையில் அடங்கும் பொருள்தானே? தோட்ட டிஸ்பென்சரியில் வைத்து ஆறு வாரத்துக்கு இரவல் கொடுக்கலாம். பேஸ்மேக்கர் உள்ளவரையும் நீரிழிவால் கால் மரத்தவரையும் முன்பே பார்த்து விலக்க ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் லயத்துக்கு ஏறி வரவேண்டும். அதைச் செய்யாமல் டவுன் அறையில் பூட்டிவைத்த கருவியை மறுவாழ்வுச் சிகிச்சை என்று அழைக்க என்னால் முடியாது.

பெரியம்மா இப்போது வாசல் திண்ணையில் எழுந்து எழுந்து உட்காருகிறார், காலையில் பத்து, மாலையில் பத்து. பயிற்சிக்கு வந்த ஒரு மாணவி லயத்துக்கே வந்து சொல்லிக்கொடுத்தது. மருமகள் எண்ணுகிறாள்.