12 பேர், 14 நாள்: டெஸ்டர் மொய்க் கணக்கு

கூகுள் ப்ளேயில் தனிநபர் கணக்கு வைத்திருக்கும் புதியவர் ஒருவருக்குச் செயலி எழுதுவது பாதி வேலைதான். மீதிப் பாதி, 12 பேரைப் பிடிப்பது.

விதி இதுதான். 2023 நவம்பர் 13க்குப் பிறகு தொடங்கிய தனிநபர் டெவலப்பர் கணக்கு என்றால், செயலியை நேரடியாகப் பொதுவில் வெளியிட முடியாது. முதலில் 'க்ளோஸ்டு டெஸ்டிங்' என்ற மூடிய சோதனை நடத்தணும். அதில் குறைந்தது 12 டெஸ்டர்கள் சேர்ந்து, விட்டுப் போகாமல் தொடர்ந்து 14 நாள் இருக்கணும். அதற்குப் பிறகுதான் 'ப்ரொடக்ஷன் ஆக்சஸ்' கேட்டு விண்ணப்பிக்கவே முடியும். ஆரம்பத்தில் இந்த எண்ணிக்கை 20. 2024 டிசம்பரில் 12 ஆகக் குறைத்தார்கள். ஏன் 20, ஏன் 12, ஏன் 15 இல்லை என்று கேட்டால், விதியில் அதற்குப் பதில் கிடையாது.

கடந்த சில வாரங்களாக இந்த 12 பேரை மக்கள் எப்படித் தேடுகிறார்கள் என்று கவனித்துக்கொண்டிருக்கிறேன். சில செயலிகளுக்கு நானே டெஸ்டராகவும் சேர்ந்தேன். பார்த்ததில் எனக்குத் தோன்றியது: இந்த விதி உருவாக்கியது ஒரு சோதனைப் பண்பாட்டை இல்லை, ஒரு மொய்ப் பண்பாட்டை.

மொய் எப்படி நடக்கும் என்று நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. உங்க வீட்டு விசேஷத்துக்கு நான் எழுதுறேன், என் வீட்டு விசேஷத்துக்கு நீங்க எழுதணும். நோட்டுல பேர் இருக்கும், தொகை இருக்கும், மறக்க முடியாது. ரெடிட்டிலும் டெலிகிராம் குழுக்களிலும் நடப்பது அப்படியே இதுதான். "என் செயலியை இன்ஸ்டால் பண்ணுங்க, நான் உங்களுடையதைப் பண்ணுறேன்" என்று ஒருவர் போடுவார். கூகுள் குரூப்பில் சேர ஒரு லிங்க், சோதனையில் சேர ஒரு லிங்க், ப்ளே ஸ்டோருக்கு ஒரு லிங்க். சேர்ந்ததற்குச் சாட்சியாக ஸ்க்ரீன்ஷாட் போடணும். அவரும் பதிலுக்கு ஒரு ஸ்க்ரீன்ஷாட் போடுவார். கணக்கு நேர். சிலர் ஒழுங்காக நோட்டே போட்டு வைக்கிறார்கள்: யாருக்கு எந்தத் தேதியில் சேர்ந்தோம், 14 நாள் எப்போது முடியும், யார் பாதியில் அழித்துவிட்டார்கள். மொய் எழுதிவிட்டுத் திருப்பி வராதவர்கள் பற்றிய புலம்பலும் அச்சு அசல் கல்யாண வீட்டுப் புலம்பல்.

இதில் யாரையும் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அவர்கள் ஏமாற்றுக்காரர்கள் இல்லை. பெரும்பாலும் மாணவர்கள், வேலை முடிந்து ராத்திரி உட்கார்ந்து எழுதுகிறவர்கள். 25 டாலர் பதிவுக் கட்டணம் கட்டிவிட்டார்கள், செயலி தயார், வாசலில் ஒருவர் நின்று "12 பேரைக் கூட்டிட்டு வா" என்கிறார். தெரிந்த வழியில் கூட்டிவருகிறார்கள். அதற்கும் பொறுமை இல்லாதவர்களுக்குக் காசு வாங்கிக்கொண்டு ஆள் தரும் கடைகளும் முளைத்துவிட்டன. "12 டெஸ்டர், 14 நாள், உத்தரவாதம்" என்று விளம்பரம். பந்தக்காலும் வாழைமரமும் வாடகைக்குக் கிடைக்கிற மாதிரி, டெஸ்டரும் இப்போது வாடகைக்குக் கிடைக்கிறார்.

சரி, ஆள் எப்படி வந்தால் என்ன, சோதனை நடந்தால் போதாதா? நடக்கிறதா என்பதுதான் கேள்வி.

மொய்க்கு வந்த டெஸ்டர் என்ன செய்வார்? செயலியைத் திறப்பார், இரண்டு பொத்தானைத் தட்டுவார், மூடுவார். நாளைக்கு மறுபடி திறப்பார், ஏனென்றால் தினமும் திறந்தால்தான் ஈடுபாடு கணக்கில் ஏறும் என்று குழுவில் சொல்லியிருக்கிறார்கள். நான் பார்த்த கருத்துகளில் நிறைய "நைஸ் ஆப்", "குட் யூஐ" ரகம். கருவுற்ற பெண்களுக்கான ஒரு செயலியைக் கல்லூரிப் பையன் 14 நாள் திறந்து மூடுகிறான். வெல்டிங் பட்டறைக் கணக்குச் செயலியை வெல்டிங் கம்பியையே பார்க்காதவர் சோதிக்கிறார். அவர்களுடைய ஃபோனில் அது க்ராஷ் ஆகிறதா என்று தெரிந்துகொள்ளலாம், மறுக்கவில்லை. ஆனால் அதற்கு மனிதரே தேவையில்லை. சோதனைக்கு ஏற்றும் செயலியைப் பல வகைக் கருவிகளில் தானாக ஓட்டிப் பார்த்து அறிக்கை தரும் வசதி ப்ளே கன்சோலிலேயே இருக்கிறது. மனிதர் தேவைப்படுவது வேறு இடத்தில்: இந்த வேலை உண்மையாகவே தேவைப்படுகிற ஒருவர், இதை எடுத்துப் பார்த்து, எங்கே முழிக்கிறார் என்று பார்ப்பதற்கு.

அந்த மாதிரிச் சோதனைக்கு எத்தனை பேர் வேண்டும் என்பதற்கு ஏற்கனவே ஒரு பழைய, பிரபலமான பதில் உண்டு. யேக்கப் நீல்சன் 2000இல் எழுதிய கட்டுரை ஒன்றில் 5 பேர் போதும் என்றார். தாமஸ் லாண்டவருடன் சேர்ந்து அவர் செய்த முந்தைய ஆய்வின்படி, ஒருவரைக் கவனித்தாலே பயன்பாட்டுச் சிக்கல்களில் சராசரியாக 31 சதவீதம் தெரிந்துவிடும். 5 பேர் ஆனால் சுமார் 85 சதவீதம். அந்த எண்ணை எல்லா இடத்துக்கும் பொருத்த முடியாது என்று பின்னால் பலர் வாதிட்டிருக்கிறார்கள், அந்த வாதத்தில் நியாயமும் இருக்கிறது. ஆனால் நீல்சன் சொன்னதில் எனக்கு முக்கியமாகப் படுவது 5 என்ற எண் இல்லை. கைவசம் 15 பேர் இருந்தால், மூன்று தடவையாகப் பிரித்து ஐவர் ஐவராக வையுங்கள் என்றார். முதல் ஐவர் காட்டிய பிழைகளைத் திருத்துங்கள், பிறகு புது ஐவரிடம் கொடுங்கள். புதுக் கண்தான் புதுப் பிழையைப் பார்க்கும்.

இப்போது ப்ளே விதியை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்க. 12 பேர் தொடர்ந்து 14 நாள் இருக்க வேண்டும். நடுவில் வெளியே போய்த் திரும்பி வந்தால் அவர்களுக்கு நாள் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து. புதியவர்களைச் சேர்ப்பதற்குத் தடை இல்லைதான். ஆனால் நேற்று வந்த புதியவர் இந்தக் கணக்குக்கு உதவ மாட்டார். அதனால் டெவலப்பரின் முழு உழைப்பும் புதுக் கண்களைத் தேடுவதில் போகாமல், பழைய 12 பேரைப் பிடித்து வைப்பதில் போகிறது. "தயவுசெய்து அன்இன்ஸ்டால் பண்ணிடாதீங்க" என்று கெஞ்சுவது சோதனை இல்லை. பன்னிரண்டாவது நாளில் செயலியைப் பற்றி அந்த டெஸ்டருக்குப் புதிதாகத் தெரிய என்ன இருக்கிறது?

கூகுளின் தரப்பையும் பார்க்கணும். விதியை அறிவித்தபோது அவர்கள் வைத்த ஒரு வாதம்: வெளியீட்டுக்கு முன் ப்ளேயின் சோதனைக் கருவிகளைத் தொடர்ந்து பயன்படுத்தும் டெவலப்பர்களுக்கு, பயன்படுத்தாதவர்களைவிடச் சராசரியாக 3 மடங்கு நிறுவல்களும் ஈடுபாடும் கிடைக்கின்றன. உண்மையாகவே இருக்கட்டும். ஆனால் அந்தக் கூட்டத்தில் இருந்தது யார்? கட்டாயம் இல்லாத காலத்திலேயே தானாகச் சோதித்தவர்கள். அப்படிப்பட்டவரிடம் ஆள் இருக்கும், நேரம் இருக்கும், பெரும்பாலும் பணமும் இருக்கும். அவருக்கு 3 மடங்கு வந்தது சோதனையாலா, அந்த மற்ற வசதிகளாலா? டியூஷன் போகிற பையன்கள் நல்ல மார்க் வாங்குகிறார்கள் என்பதற்காக ஊரில் எல்லாரையும் டியூஷன் வாசலில் இரண்டு வாரம் நிற்க வைத்தால் மார்க் வராது.

குப்பைச் செயலிகளைத் தடுக்கத்தான் இது என்று சொல்பவர்களின் வாதம் இதைவிட வலுவானது. பிரச்சினை கற்பனை இல்லை. 2023இல் கொள்கையை மீறிய 22.8 லட்சம் செயலிகளை வெளியாகவிடாமல் தடுத்ததாகவும், 3,33,000 மோசமான கணக்குகளை முடக்கியதாகவும் கூகுள் சொன்னது. 2024க்கு அவர்கள் சொன்ன எண்கள் 23.6 லட்சம் செயலிகள், 1,58,000 கணக்குகள். கணக்குகள் பாதிக்கு மேல் குறைந்திருக்கின்றன, பார்த்தீர்களா என்று ஒருவர் சொல்லலாம். சொல்லலாம்தான். ஆனால் அதே காலத்தில் அடையாளச் சரிபார்ப்பும் கடுமையானது, தானியங்கிப் பரிசோதனைகளும் மாறின. இந்த ஒரு விதிக்கு எவ்வளவு பங்கு என்று அந்த எண்களிலிருந்து பிரித்தெடுக்க வழியில்லை.

எனக்குக் கவலை, இந்த வடிகட்டியில் சிக்குவது யார் என்பது. நிறுவனக் கணக்குகளுக்கு இந்த விதி கிடையாது. பதிவு செய்த நிறுவனமும் ஒரு டன்ஸ் எண்ணும் இருந்தால் 12 பேரும் வேண்டாம், 14 நாளும் வேண்டாம். ஆக, ஒரே வார்ப்பில் நூறு செயலி அச்சடிப்பதையே தொழிலாகச் செய்பவர் ஒரு நிறுவனத்தைப் பதிவு செய்துகொள்வார். இல்லையென்றால் வாடகைக்கு ஆள் பிடிப்பார். அவருக்கு இது ஒரு செலவு, அவ்ளோதான். வாசலில் நிற்பது, ஒரே ஒரு செயலி எழுதியவர்.

அவரிலும், யாருக்காக எழுதினாரோ அவர்கள் ரொம்பக் குறைவாக இருந்தால் இன்னும் சிரமம். அரிய நோய் ஒன்று உள்ள குழந்தையின் மருந்து நேரங்களைக் குறித்துவைக்க ஒரு தாய் செயலி எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்குத் தெரிந்த அப்படிப்பட்ட குடும்பங்கள் நான்கு. அந்த நான்கு பேர் சொல்வதுதான் உலகத்திலேயே சிறந்த சோதனை. விதிப்படி அது எட்டுப் பேர் குறைவு. அந்த எட்டை அவர் மொய்ச் சந்தையில்தான் வாங்கணும். அமெரிக்கப் பள்ளி மாணவன் ஒருவனுக்கு வேறு மாதிரிச் சிக்கல்: சுற்றியிருக்கும் பிள்ளைகள் பெரும்பாலும் ஐஃபோன்காரர்கள். நம்ம ஊரில் அந்தப் பஞ்சம் இல்லை, சித்தப்பா ஃபோனும் ஆண்ட்ராய்டு, பக்கத்து வீட்டு அண்ணன் ஃபோனும் ஆண்ட்ராய்டு. குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு லிங்க் போட்டால் சாயங்காலத்துக்குள் 12 தேறிவிடும். ஆனால் சித்தப்பா பிழை சொல்ல மாட்டார். "தம்பி பண்ணிருக்கான், சூப்பரா இருக்கு" என்பார். விதிக்கு அவர் ஒரு முழு டெஸ்டர்.

ஆப்பிள் பக்கம் இப்படி இல்லையே என்று கேட்கலாம். டெஸ்ட்ஃப்ளைட்டில் வெளி டெஸ்டர்கள் 10,000 பேர் வரை சேர்க்கலாம். அது உச்சவரம்பு. கீழ்வரம்பு என்று ஒன்றில்லை, யாரையும் சேர்க்காமலே வெளியீட்டுக்கு அனுப்பலாம். ஆனால் ஆண்டுக்கு 99 டாலர் கட்டணம், ஆய்வும் கறார். அங்கே வாசலைக் காப்பது பணமும் ஆய்வாளரும். எஃப்-ட்ராய்டு இன்னொரு துருவம்: கட்டற்ற மூலநிரலைக் கொடுத்தால் போதும், டெஸ்டர் எண்ணிக்கை கேட்பதில்லை. மூன்றில் எது உயர்ந்தது என்று நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. ஆப்பிளின் 99 டாலர் அந்தத் தாயைத் தடுக்காது என்று யார் சொன்னது? ஆனால் ஆப்பிளும் எஃப்-ட்ராய்டும் தாங்கள் எதைக் கேட்கிறோம் என்பதை நேராகக் கேட்கின்றன. ப்ளே கேட்பது தரத்தை, எண்ணுவது தலையை.

மாற்று என்ன என்றால், எனக்குப் பிடித்தது வரம்புடன் கூடிய வெளியீடு. புதுக் கணக்கின் முதல் செயலியை ஆய்வுக்குப் பிறகு பொதுவில் விடட்டும், ஆனால் முதல் சில நூறு நிறுவல்களோடு நிறுத்தி வைக்கட்டும். தேடி வந்த நிஜப் பயனர்களிடம் அது எப்படி நடந்துகொள்கிறது, எத்தனை முறை விழுகிறது, எத்தனை பேர் புகார் செய்கிறார்கள் என்று பார்த்து வரம்பைத் தளர்த்தட்டும். குப்பை அங்கேயே மாட்டும். மொய்ச் சந்தைக்கு வேலை இருக்காது. இந்த அளவைகள் கூகுளுக்குப் புதிதும் இல்லை. க்ராஷ் விகிதத்தை ஏற்கனவே எண்ணிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

14 நாள் முடிந்ததும் நிரப்ப வேண்டிய விண்ணப்பத்தைப் பற்றி ஒரு வார்த்தை. எனக்குத் தெரிந்து இந்த ஏற்பாட்டிலேயே உருப்படியான பகுதி அதுதான். என்ன கருத்துகள் வந்தன, அதை வைத்து எதை மாற்றினீர்கள், செயலி தயார் என்று எப்படி முடிவு செய்தீர்கள் என்று கேட்கிறது. இவை நல்ல டெவலப்பர் தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள். 4 பேரோடு சோதித்தவரும் இதற்கு அழகாகப் பதில் எழுதலாம், 40 பேரை வாடகைக்கு எடுத்தவர் திணறலாம். அதே படிவத்தில் இன்னொரு கேள்வியும் உண்டு: டெஸ்டர்களைச் சேர்ப்பது எவ்வளவு எளிதாக இருந்தது? 2023 நவம்பரிலிருந்து உலகம் முழுக்க டெவலப்பர்கள் அதற்குப் பதில் எழுதி அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். பெயர்களை மறைத்து அந்தப் பதில்களை மட்டும் கூகுள் வெளியிட்டால், நான் உட்கார்ந்து முழுசாகப் படிப்பேன்.