ஏறினால்தான் கதை

திரௌபதி அம்மன் திருவிழாவில் அர்ச்சுனன் தபசு நடக்கும் நாளில் செங்கல்பட்டுப் பக்கத்துக் கிராமங்களில் வீட்டுக்குக் காவல் இருக்கக்கூட ஆள் கிடைக்காது. திடலில் நெடிய பனைமரம் ஒன்றை நட்டு, ஏறுவதற்குக் கட்டைகள் அடித்து, உச்சியில் உட்காரப் பலகை கட்டியிருப்பார்கள். அர்ச்சுனன் வேடம் கட்டியவர் படிக்கு ஒரு பாட்டாகப் பாடிக்கொண்டே ஏறுவார். பிள்ளை வரம் வேண்டும் பெண்கள் ஈரச்சேலையோடு மரத்தடியில் கிடப்பார்கள். மேலே போய்ச் சேர்ந்ததும் எலுமிச்சம்பழமும் விபூதியும் பூவும் கீழே வந்து விழும். கதை எல்லோருக்கும் தெரியும். சிவன் வேடனாக வருவார், ஒரு பன்றிக்காகச் சண்டை நடக்கும், முடிவில் பாசுபதம் கிடைத்துவிடும். தெரிந்த கதைக்கு ஏன் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்க்கிறோம்? கதையில் வரும் அர்ச்சுனன் விழமாட்டான். மரத்தில் இருப்பவர் விழலாம்.

கதை நகர வேண்டுமென்றால் யாராவது ஒருவர் நிஜமாகவே சிரமப்பட வேண்டும் என்ற இந்த வழக்கத்தைச் சின்ன வயதிலேயே பார்த்துவிட்டவனுக்கு, கதை சொல்லும் கடினமான வீடியோ கேம்கள் ஒன்றும் விசித்திரமாகத் தெரியவில்லை. ஆள் மட்டும் மாறிவிட்டார். அங்கே ஒருவர் ஏற ஊரே பார்க்கிறது. இங்கே பார்க்கிறவனே ஏறவும் வேண்டும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். நம் செய்தித்தாள்களில் ‘ஆன்லைன் கேம்’ என்றாலே ரம்மிதான். 2022-இல் தமிழ்நாடு கொண்டுவந்த சட்டமும், நள்ளிரவு முதல் காலை 5 மணிவரை ஆடக்கூடாது என்ற 2025-ஆம் ஆண்டு விதியும் பணம் கட்டி ஆடும் ஆட்டங்களைப் பற்றியவை. அந்தக் கவலை நியாயமானது. ஆனால் அந்தக் கூச்சலில், நாவலைப் போலப் பாத்திரங்களும் முடிவும் கொண்ட ஆட்டங்கள் பேசப்படாமலே போய்விட்டன. சினிமாவுக்கு நம்மிடம் அரை நூற்றாண்டு விமரிசன மரபு இருக்கிறது. இந்த ஆட்டங்களுக்குப் பத்துக் கட்டுரை தேறாது.

அளவுகோல் இல்லாமல் இல்லை. தொல்காப்பியம் எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்கிறது: நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. சினிமா நம்மை அழவைக்கும், சிரிக்கவைக்கும், பயமுறுத்தும். பெருமிதத்தையும் இளிவரலையும் மட்டும் அதனால் கடனாகத்தான் கொடுக்க முடியும். கதாநாயகன் வென்றால் அவனுக்குப் பெருமிதம். நமக்கு அதன் நிழல். பெருமிதம் பிறக்கும் இடங்களுள் ஒன்றாகத் தொல்காப்பியம் தறுகண்ணைச் சொல்கிறது. நாற்பது முறை செத்து நாற்பத்தோராவது முறை ஒரு பாஸை, அதாவது வழிமறிக்கும் பெரிய எதிரியை, வீழ்த்துகிறவனுக்குக் கிடைப்பது அதுதான், அவனுக்கே சொந்தமாக. அதற்கு முந்தைய நாற்பது முறையும் அவன் அனுபவித்தது இளிவரல். அதிலும் நிழல் கிடையாது. டென்மார்க்கின் யெஸ்பர் யூல் 2013-இல் தோல்வியின் கலை பற்றி ஒரு சிறு நூலே எழுதினார். வாழ்க்கையில் தோல்வியைத் தவிர்க்கும் மனிதர்கள், தோற்கப்போவது உறுதி என்று தெரிந்த ஆட்டத்தை ஏன் தேடிப் போகிறார்கள் என்பது அவர் கேள்வி. சோகநாடகத்தை ஏன் விரும்பிப் பார்க்கிறோம் என்ற பழைய கேள்வியோடு அதைச் சேர்த்துவைத்து யோசிக்கிறார். தபசு மரத்தை அவர் பார்த்திருக்க வாய்ப்பில்லை.

என் தலைமுறைக்கு இது தொடங்கிய இடம் பேருந்து நிலையத்தை ஒட்டிய பிரவுசிங் சென்டர். பலகைத் தடுப்பு, மணிக்கு 20 ரூபாய், எல்லாக் கணினியிலும் வைஸ் சிட்டி. 2002-இல் வெளிவந்த அந்த ஆட்டத்தைப் பெரும்பாலானோர் கதைக்காக ஆடவில்லை. நோட்டின் கடைசிப் பக்கத்தில் சீட் கோடு எழுதி வைத்திருப்பார்கள்; ‘பான்சர்’ என்று தட்டினால் எதிரில் ஒரு டாங்கி வந்து நிற்கும், அதில் ஏறி ஊரை நாசம் செய்வார்கள். கதை வேண்டும் என்று நினைத்த எங்களைப் போன்ற சிலர் பொம்மை ஹெலிகாப்டரில் போய்ச் சிக்கிக்கொண்டோம். ஒரு வேனுக்குள் உட்கார்ந்தபடி ரிமோட்டில் ஒரு குட்டி ஹெலிகாப்டரை ஓட்டி, கட்டிக்கொண்டிருக்கும் கட்டடத்துக்குள் மாடி மாடியாக நான்கு குண்டுகளை வைத்துவிட்டு வர வேண்டும். கடிகாரம் ஓடும், படிக்கட்டு குறுகலாக இருக்கும், விசைப்பலகையோ அதற்கு ஏற்றதில்லை. இந்த மிஷனைத் தாண்டாமலே வளர்ந்து, வேலைக்குப் போய், கல்யாணமும் செய்துகொண்டவர்கள் ஏராளம்.

ஆட்டம் வைத்த தடையை விட ஊர் வைத்த தடை பெரிது. சேவ் செய்ய எட்டு இடம்தான் உண்டு. வந்துபோகும் பையன்களோ எண்பது பேர். முந்தாநாள் கஷ்டப்பட்டுக் கடந்த இடத்தின் மேல் வேறொருவன் தன் ஆட்டத்தைச் சேவ் செய்துவிட்டுப் போயிருப்பான். கேட்டால் கல்லாவில் இருக்கும் அண்ணன் சிரிப்பார். மின்வெட்டு உச்சத்தில் இருந்த 2012-ஐ ஒட்டிய ஆண்டுகளில் மூன்றாவது குண்டைத் தூக்கும் நேரத்தில் கரண்ட் போகும். எந்த வடிவமைப்பாளரும் திட்டமிடாத இந்தச் சிரமத்துக்குக் கதையோடு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. எரிச்சல் என்ற சொல்லை நான் இதற்குத்தான் ஒதுக்குவேன்.

மொழியும் ஒரு தடைதான். வசனம் முழுக்க அமெரிக்க ஆங்கிலம். பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கும் நண்பன் ஒருவன் கூத்தில் வரும் கட்டியங்காரன் வேலையை எடுத்துக்கொண்டான். ஆட்டத்தின் நாயகனான டாமி என்கிற ரௌடி இழந்தது கடத்தல் பேரத்துக்குக் கொண்டுவந்த பணம் என்பது பல வருடம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. நண்பனின் கதையில் அது தங்கச்சி கல்யாணத்துக்குச் சேர்த்த பணம். இன்றும் எனக்கு அந்தக் கதைதான் பிடித்திருக்கிறது.

மாமல்லபுரத்தில் தபசு மரத்து அதே அர்ச்சுனன் கல்லில் நிற்கிறான். சுமார் 30 மீட்டர் அகலப் பாறை. நடுவில் ஒரு பிளவு, அதில் நாகங்கள், ஒரு காலில் நின்று கைகளை உயர்த்திய தவசி, அருகே சிவன். அர்ச்சுனன் தபசு என்பவர்கள் ஒரு பக்கம். பிளவில் இறங்குவது கங்கை, எனவே தவசி பகீரதன் என்பவர்கள் மறுபக்கம். கீழே ஒரு பூனையும் அதே பாவனையில் தவம் செய்கிறது, எலிகள் சூழ. யார் இவன், என்ன நடக்கிறது, இந்த ஆள் யாரைப் பார்க்கிறான் என்று துப்பறிந்துகொண்டேதான் பாறையைப் பார்க்க முடியும்.

லூகாஸ் போப் 2018-இல் உருவாக்கிய ‘ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின்’ ஆட்டத்தின் இயக்கமும் இதுவே. ஆளில்லாமல் திரும்பிவந்த ஒரு கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல். நாம் 1807-இல் அதில் ஏறும் காப்பீட்டு ஆய்வாளர். ஒரு மாயக் கடிகாரம் ஒவ்வொருவரும் இறந்த கணத்தைச் சிலை மாதிரி உறையவைத்துக் காட்டும். அதற்குள் நடந்து, உடையையும் பேச்சையும் யார் யார் பக்கத்தில் நிற்கிறார்கள் என்பதையும் பார்த்து, 60 பேரின் பெயரையும் கதியையும் ஏட்டில் எழுத வேண்டும். மூன்று பேருடையது சரியாக அமைந்தால்தான் ஆட்டம் ஒப்புக்கொள்ளும். ஒன்று சரியா என்று தனியாகக் கேட்க வழியில்லை. இரண்டு ராத்திரி இதில் முட்டிக்கொண்டவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: கடினமான ஆட்டங்களில் இவ்வளவு நாணயமானதை நான் பார்த்ததில்லை. விரல் வேகம் கேட்பதில்லை, கண்ணைக் கேட்கிறது. தோல்விக்கு வேறு யாரையும் குறை சொல்ல முடியாது.

அதே மாமல்லபுரத்தில் தெற்கே போனால் இன்னொரு தபசுப் பாறை இருக்கிறது. உருவங்கள் தொடங்கி, முடிக்கப்படாமல் நிற்கிறது. பயணிகள் அங்கே நிற்பதில்லை. பாதியில் விட்ட ஆட்டங்கள் நிறைய வைத்திருக்கும் நான் நிற்பதுண்டு.

மலைமேல் இருக்கும் மகிஷாசுரமர்த்தினி மண்டபம் வேறொரு பாடம். எருமைத்தலை அரசன் சற்றே பின்வாங்கிச் சாய்ந்திருக்கிறான், ஆனால் தண்டம் இன்னும் கையில் இருக்கிறது. சிங்கத்தின் மேல் எட்டுக் கைகளோடு தேவி வில்லை இழுத்திருக்கிறாள். வதம் முடிந்த காட்சி வேறு இடங்களில் நிறைய உண்டு. பல்லவச் சிற்பி முடியாத சண்டையைச் செதுக்கினான். புணேயின் நாடிங் ஹெட்ஸ் நிறுவனம் 2020-இல் வெளியிட்ட ‘ராஜி’ ஆட்டத்திலும் துர்க்கை உண்டு. கடத்தப்பட்ட தம்பி கோலுவைத் தேடிப் போகும் கழைக்கூத்துப் பெண் ராஜிக்கு அவள் திரிசூலம் தருகிறாள். விஷ்ணுவோடு பேசிக்கொண்டே கதையும் சொல்கிறாள். தூண்களில் ஏறிச் சுழன்று பாயும் இடங்களும், சுவரோவியங்கள் முன் நின்று புராணம் கேட்கும் இடங்களும் அருமை. சண்டையில்தான் கோளாறு. கேமரா தூரத்தில் நின்றுவிடுகிறது, அடி எங்கிருந்து வந்தது என்றே தெரியாமல் சாகிறோம். கழைக்கூத்தாடியின் உடலுக்கு இருக்கும் லாகவம் நம் விரலுக்கு வந்து சேர்வதில்லை. கதையும் பாதியில் அறுந்த மாதிரி முடிகிறது. குறைகளோடும் முக்கியமான ஆட்டம்தான். இந்தியப் புராணத்தை அலங்காரத்துக்கு வைக்காமல் நடக்கும் பாதையாக ஆக்கியதற்காக.

செத்துப் பிழைப்பதையே கதைக்குள் கொண்டுவந்த ஜப்பானிய ஆட்டங்கள் உண்டு. ‘செகிரோ’வில் (2019) நாயகன் செத்தாலும் எழுவான், திரும்பத் திரும்பச் செத்தால் அவனுக்கு வேண்டிய மனிதர்களை ஓர் இருமல் நோய் பற்றும். நம் தவறு வேறொருவர் தொண்டையில் கேட்கிறது. இதைவிடக் கூர்மையான இளிவரலை ஃபுமிதோ உவேதா 2005-இல் ‘ஷேடோ ஆஃப் தி கொலோசஸ்’ ஆட்டத்தில் தந்தார். இறந்த பெண்ணை உயிர்ப்பிக்க 16 பூதாகரமான உயிர்களைக் கொல்ல வேண்டும். ரோமத்தைப் பிடித்துத் தொங்கி, பிடி தளர்வதற்குள் ஏறி, உச்சியில் வாளைச் செருகுகிறோம். சாய்ந்து விழும்போது வெற்றி முழக்கம் வராது. துக்க இசை வரும். அவ்வளவு கஷ்டப்பட்டு ஏறியதால்தான் அந்த வெட்கம் நம்முடையதாகிறது.

செகிரோ வந்தபோது, எளிய நிலை ஒன்று வைக்கக்கூடாதா என்று உலகெங்கும் சண்டை நடந்தது. ஒரு வருடம் முன்பே ‘செலஸ்ட்’ அதற்கு ஒரு பதில் வைத்திருந்தது. மனப்பதற்றத்தோடு மலையேறும் ஒரு பெண்ணின் கதை அது. வேகத்தைக் குறைக்கலாம், களைப்பே வராமல் செய்யலாம். எவ்வளவு உதவி வேண்டுமோ எடுத்துக்கொள் என்று மெனுவிலேயே சொல்லிவிடுகிறது. அந்த உதவியோடு ஏறியவரின் மலை சின்னதாகிவிடாது என்பது என் கட்சி. தபசு மரத்துக்கும் கட்டை அடித்துத்தானே வைக்கிறார்கள்.

கதையே இல்லாத ஆட்டமும் கதையாகிவிடும். 2022-இல் மாமல்லபுரத்தை ஒட்டிய பூஞ்சேரியில் செஸ் ஒலிம்பியாட் நடந்தது. பக்கத்திலேயே சதுரங்கப்பட்டினம் என்று ஓர் ஊர் இருப்பது தற்செயல்தான். முதல் எட்டுச் சுற்றுகளிலும் தொடர்ந்து வென்ற இந்திய வீரர் குகேஷ், பத்தாவது சுற்றில் உஸ்பெகிஸ்தானின் அப்துசத்தோரோவுக்கு எதிராக வெல்லும் நிலையில் இருந்து, நேர நெருக்கடியில் தவறி, தோற்றார். தனிநபர் தங்கம் அவருக்கே கிடைத்தது. ஆனாலும் எங்கள் தெருவில் பேசப்பட்டது அந்தத் தோல்விதான். வைகுண்ட ஏகாதசி இரவில் பரமபதம் ஆடியவர்களுக்கு இது புதிதில்லை. மோட்சத்துக்கு அருகில்தான் பெரிய பாம்பு இருக்கும்.

டொராண்டோவின் விசை கேம்ஸ் 2023 ஜூலையில் வெளியிட்ட ‘வெண்பா’ இந்த வரிசையில் சேருமா என்று சிலர் கேட்கலாம். இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும், யாரும் சாவதில்லை. 2024-இல் சுயாதீன ஆட்டங்களுக்கான விழாவின் தலையாய பரிசும், அறிமுக ஆட்டத்துக்கான பாஃப்டா விருதும் அதற்குக் கிடைத்தன. 1988-இல் தொடங்குகிறது. கனடாவுக்குப் போன வெண்பாவும் பாவலனும், அங்கே பிறக்கும் கவினும். வெண்பாவின் அம்மா கொடுத்த சமையல் குறிப்பேட்டில் பக்கங்கள் கிழிந்தும் அழிந்தும் கிடக்கின்றன. விட்டுப்போன படிகளை ஊகித்துச் சமைப்பதுதான் ஆட்டம். முதல் புதிர் இட்லி.

செகிரோவை முடித்த கையோடு இதை எடுத்தேன். அம்மா பின்னால் கட்டிலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். மாவை ஊற்றினேன், தட்டுகளை அடுக்கினேன், மூடினேன். இட்லி வேகவில்லை. முப்பது வருடமாகத் தினம் இட்லி தின்கிறவன், அதன் தட்டுகளை எப்படி அடுக்குவார்கள் என்று ஒரு நாளும் பார்த்ததில்லை. எந்தப் பாஸிடம் தோற்றபோதும் காது இப்படிச் சூடானதில்லை.

“குழி மேல குழி வெச்சா ஆவி எப்படிடா மேல போகும்? தட்டை மாத்தி வை,” என்றாள் அம்மா, கீரையிலிருந்து தலை தூக்காமல்.

மாற்றி வைத்தேன். வெந்தது. அதற்குப் பிறகு கீரை அப்படியே கிடந்தது. அம்மா எழுந்து வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். திரையில் கவின் வளர்ந்துகொண்டிருந்தான். தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொன்னான்.

“அவன் அம்மாகிட்ட தமிழ்ல பேசுவானா, மாட்டானா? அதைச் சீக்கிரம் காட்டு.”

“காட்ட முடியாதும்மா. அடுத்ததைச் சமைச்சாத்தான் வரும்.”

புட்டுக்குழல் வந்தது. பக்கம் கிழிந்திருந்தது.

“முதல்ல சில்லைப் போடு,” என்றாள்.