போர்ட்ரெயிட் லென்ஸ்களும் சோதனை எண்களும்

85 மி.மீ. எஃப்/1.4, எஃப்/1.2 போன்ற லென்ஸ்களைத் தேர்ந்தெடுப்போர் பெரும்பாலும் கூர்மை எண்களையே ஒப்பிடுகிறார்கள். நெருக்கமான கருப்பு வெள்ளைக் கோடுகளை மாறுபாடு குன்றாமல் லென்ஸ் எவ்வளவு பதிக்கிறது என்று அளப்பது எம்டிஎஃப். விளம்பரச் சொற்களுக்கு எதிராக வாங்குபவர் கையில் இருக்கும் நல்ல ஆயுதம் அது. சிக்கல், வெவ்வேறு இடங்களில் வந்த எண்களை அருகருகே வைக்கும்போது தொடங்குகிறது.

கேனான் வெளியிடும் எம்டிஎஃப் வரைபடம் கணக்கிட்டுப் பெற்றது. சைஸ் நிறுவனம் தருவது அளந்து பெற்றது. இவற்றை நேருக்கு நேர் நிறுத்த முடியாது. கோடுகள் அச்சிட்ட சோதனை அட்டையைப் படமெடுத்து அளக்கும் ஆய்வகங்களில் கேமராவின் சென்சாரும் எண்ணுக்குள் புகுந்துவிடுகிறது; 24 மெகாபிக்சலில் கிடைத்ததும் 45 மெகாபிக்சலில் கிடைத்ததும் ஒன்றாகா. லென்ஸை மட்டும் பொருத்தி அளக்கும் ஒளியியல் மேடை கேமராவை விலக்கிவிடும். ஆனால் அது முடிவிலித் தொலைவில் ஃபோக்கஸ் செய்த லென்ஸையே அளக்கிறது. முகம் இருப்பதோ இரண்டு மீட்டரில்.

ஒரே மாடலின் இரு பிரதிகளுக்கிடையிலும் வேறுபாடு உண்டு. லென்ஸ்ரென்டல்ஸ் நிறுவனத்தில் ரோஜர் சிகாலா பல பிரதிகளை அளந்து, சராசரியோடு சிதறலையும் வெளியிட்டார். இத்துறையின் மிக நேர்மையான பணி அதுதான். ஒரே ஒரு பிரதியை வைத்துச் சொல்லும் சிறு வித்தியாசம் மாடலுடையதா, அந்தப் பிரதியுடையதா என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

இவற்றையெல்லாம் சரிசெய்தாலும் பெரிய குறை நிற்கிறது. 85 மி.மீ. லென்ஸை எஃப்/1.4-இல் இரண்டு மீட்டர் தொலைவில் வைத்தால், முழுச்சட்டக் கேமராவில் புல ஆழம், அதாவது கூர்மையாகத் தெரியும் ஆழம், ஏறத்தாழ 4.5 செ.மீ. கண்ணிமை கூர்மையாக இருக்கும்போதே காது மங்கிவிடுகிறது. தட்டையான அட்டையின் மூலைகள் எவ்வளவு கூர்மை என்று ஆய்வகம் சொல்கிறது. உருவப்படத்தில் அந்த மூலைகளில் இருப்பது மங்கலான பின்னணி. படத்தின் பெரும்பரப்பை ஆளும் அந்த மங்கலுக்கு எண் இல்லை. 2013-இல் வந்த நிக்கான் 58 மி.மீ. எஃப்/1.4 மங்கலின் நயத்தை முன்னிறுத்தி உருவானது. திறந்த அபர்ச்சரில் கூர்மைப் பட்டியல்களில் அது பின்தங்கியது. அதை அந்த லென்ஸின் தோல்வியாக வாசிப்பது தவறு. சோனியின் 100 மி.மீ. எஃப்/2.8 எஸ்டிஎஃப் லென்ஸில் விளிம்பை நோக்கிக் கருமையாகும் வடிகட்டி உண்டு. லென்ஸ் உண்மையில் கடத்தும் ஒளி டி/5.6 அளவுக்குக் குறைகிறது. பதிலுக்கு மங்கல் வட்டங்களின் ஓரம் கரைந்துவிடுகிறது. கூர்மை அட்டை அந்த ஆதாயத்தைக் காண்பதேயில்லை.

சாய்வாக வைத்த அளவுகோலைப் படமெடுக்கும் சோதனை கூர்மை அட்டையைவிடப் பயன் தரும். ஃபோக்கஸுக்கு முன்னே ஊதாவும் பின்னே பச்சையும் படிவதை அது காட்டிவிடும். இமை மயிரில் படியும் அதே கறைதான் பிறகு திருத்தக் கடினமானது. அபர்ச்சரைக் குறைக்கும்போது ஃபோக்கஸ் நகர்வதும் அதில் தெரியும். இலைகளுக்கிடையே வெயில் விழும் பின்னணியில், ஒரே கேமரா, ஒரே தொலைவில் எடுத்த இணைப்படங்களும் உடன் இருந்தால், கூர்மை எண்ணின் வேலை பழுதுள்ள லென்ஸை ஒதுக்குவதோடு முடிந்துவிடும்.